கல்லணைத் தண்ணீர் வெள்ளைப் போர்வையாகப் பதிவாகிறது: லாங் எக்ஸ்போஷருக்கு எத்தனை விநாடி கொடுக்கலாம்?

குடமுருட்டிக் கரை (திருவையாறு), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படம் எடுக்கத் தொடங்கி எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அருவியை லாங் எக்ஸ்போஷரில், அதாவது கேமராவை நீண்ட நேரம் ஒளிக்குத் திறந்து வைத்து எடுத்து, தண்ணீர் பட்டு இழைகளாகப் பிரிந்து இறங்குவதைக் காட்டும் படங்களைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒரு படமாவது நம் காவிரியில் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. நம் பக்கம் மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. தண்ணீர் உயரத்திலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் அணைக்கட்டுக்கோ மதகுக்கோதான் போக வேண்டும். ஆகவே மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பிரித்துவிடப்பட்ட வாரத்தில், ஒரு மாலை ஐந்தரை மணிக்கு முக்காலியுடன் கரையில் போய் நின்றேன்.

என்னிடம் இருப்பது சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும்தான். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. 1000 ஃபில்டர் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். எஃப் 22 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்), ஐ.எஸ்.ஓ. 100 (கேமராவின் ஒளியுணர்வு), 30 விநாடி என்று வைத்து எடுத்தேன். படத்தின் வெளிச்சம் சரியாகவே வந்தது. ஆனால் தண்ணீர் இருக்க வேண்டிய இடம் முழுவதும் வெளுத்த போர்வையை விரித்ததைப் போல இருக்கிறது. இழை இல்லை, ஓட்டம் இல்லை, எந்தத் திசையில் போகிறது என்பதுகூடத் தெரியவில்லை. கரையிலிருந்த தென்னை மரங்களும் கலங்கிப்போயிருக்கின்றன. 15 விநாடிக்குக் குறைத்தும் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை.

தவறு நேரத்திலா, ஃபில்டரிலா, அல்லது கல்லணைத் தண்ணீருக்கே இந்த முறை ஒத்துவராதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):

தம்பி, முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் ஷட்டர் என்றால் அணையின் இரும்புக் கதவு. கேமராக்காரர்களுக்கு அதுவே வேறு பொருள். குழப்பம் வராதிருக்க, அணையில் இருப்பதைக் கதவு என்றும் கேமராவில் இருப்பதைத் திறப்பு நேரம் என்றும் எழுதுகிறேன்.

உங்கள் படம் அப்படி வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நேரம், மற்றொன்று நீங்கள் தேர்ந்தெடுத்த தண்ணீர். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லணையில் கதவை மேலே தூக்குவார்கள். அப்போது தண்ணீர் கதவின் மேல் வழிந்து விழுவதில்லை; கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக அழுத்தத்தோடு பீறிட்டு வெளியே வருகிறது. அப்படி வருகிற தண்ணீரின் முதல் சில அடி கண்ணாடியைப் போல வழவழப்பாக இருக்கும். பிறகு அது கீழே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் தண்ணீரில் மோதி எழும்பி, நுரைத்துக் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பில் நுரை ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு பக்கம் போகிறது. கேமரா வரைவது நுரையின் வெள்ளைப் புள்ளிகள் கடந்து போன பாதையைத்தான். பாதைக்கு ஒரே திசை இருந்தால் இழை கிடைக்கும், எல்லாத் திசையிலும் இருந்தால் வெண்புகைதான் கிடைக்கும். அந்த இடத்தில் எத்தனை விநாடி வைத்தாலும் பட்டு நூல் வராது.

உங்களுக்கு வேண்டியது வழிந்து விழுகிற தண்ணீர். தடுப்பணையின் விளிம்பு, ஏரியின் கலிங்கு, வாய்க்காலில் மட்டம் இறங்கும் இடத்தில் கட்டியிருக்கும் சிறிய சுவர், இவை எல்லாமே நல்ல இடங்கள். நான்கு அடி உயரம் இருந்தாலே போதும். உயரத்தைவிட விளிம்பின் சொரசொரப்புத்தான் முக்கியம் என்பது என் அனுபவம். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் பழைய சுவரில் தண்ணீர் பத்து இடத்தில் பிரிந்து இறங்கும். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரில் ஒரே தகடாக விழும். படத்துக்குப் பழைய சுவரே அழகு.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். நான்கு அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஏறத்தாழ அரை விநாடியில் கீழே வந்துவிடும். நீங்கள் 30 விநாடி திறந்து வைத்தால் ஏறக்குறைய அறுபது முறை விழுந்த தண்ணீர் ஒன்றன்மேல் ஒன்றாக அதே இடத்தில் பதிகிறது. ஒவ்வொரு முறையும் இழைகள் சிறிது நகர்ந்து விழுவதால் இடைவெளிகள் எல்லாம் நிரம்பி வெள்ளைத் தகடாகிவிடுகிறது. 15 விநாடி என்பதும் முப்பது முறை; அதனால்தான் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விழுகிற நேரத்தில் பாதி அளவு திறப்பு நேரம் கொடுத்தால், அதாவது கால் விநாடி கொடுத்தால், ஒவ்வொரு நுரைப்புள்ளியும் சுவரின் உயரத்தில் ஒரு பகுதிக்குக் கோடு போடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருட்டு இருக்கும். அந்த இருட்டுத்தான் கண்ணுக்கு இழையாகத் தெரிகிறது. ஆறடிச் சுவருக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கால் விநாடிக்கும் அரை விநாடிக்கும் நடுவில் நில்லுங்கள்.

உங்கள் ஃபில்டரில் குறை இல்லை, அது இந்த வேலைக்கு அளவுக்கு மீறிக் கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. என்.டி. 1000 பத்து ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்கும், என்.டி. 64 ஆறு ஸ்டாப், என்.டி. 8 மூன்று ஸ்டாப். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். எஃப் 22-இல் 30 விநாடி என்றால் ஃபில்டர் இல்லாமல் ஏறத்தாழ 1/30 விநாடி. எஃப் 11-க்கு வந்தால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடும், ஆகவே 1/125. அதன் மேல் என்.டி. 64 போட்டால் சரியாக அரை விநாடி. அதே மாலையில், அதே இடத்தில் நின்று உங்களுக்குத் தேவையான நேரம் கிடைத்திருக்கும். எஃப் 22 வரை துளையைச் சுருக்குவதை விட்டுவிடுங்கள்; அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் கூர்மை இழக்கும்.

செலவு வேண்டாம் என்றால், சூரியன் இறங்கிய பிறகு ஒரு போலரைசர் ஃபில்டர் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைத்துவிடும். அந்த அந்திவெளிச்சத்தில் எஃப் 11-இல் அரை விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஈரச் சுவரிலும் பாசியிலும் மினுக்கும் வெள்ளைப் பளபளப்பையும் அது அகற்றும். பாசியின் பச்சை தன் நிறத்தில் பதியும். எனக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் நான் போலரைசரையே வாங்குவேன்.

துலாக் கட்டம் (மயிலாடுதுறை):

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்ன கணக்கு மிகவும் பயனுள்ளது, நானும் குறித்துவைத்துக்கொண்டேன். ஒரு செய்தியில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். 30 விநாடி எப்போதும் தவறு என்று திருவையாற்று அண்ணா நினைத்துவிட வேண்டாம். விழுகிற தண்ணீருக்கு அது பொருந்தாது; நகர்கிற தண்ணீருக்குப் பொருந்தும். எங்கள் ஊர்ப் படித்துறையில் விடியற்காலையில் காவிரி நிறைந்து போகும்போது, 30 விநாடி கொடுத்தால் சிற்றலைகள் எல்லாம் அடங்கி, கல் மண்டபத்தின் நிழல் தண்ணீரில் தெளிவாக நிற்கும். மிதந்து வரும் ஆகாயத்தாமரைகள் பச்சைக் கோடுகளாகும். ஆகவே அந்த என்.டி. 1000 வீணாகாது, வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது தண்ணீரின் நிறத்தைப் பற்றி. லாங் எக்ஸ்போஷர் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் மலைத் தண்ணீரை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. அது தெளிந்த தண்ணீர், நுரை தூய வெள்ளை. நமக்கு ஜூன் மாதத்தில் வருவது புதுப்புனல். வறண்டு கிடந்த மணலையும் சருகையும் அள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் வரும். கேமராவில் வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளிக்கு ஏற்ப நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கி முறையில் விட்டால், அந்தச் செம்மையைக் குறை என்று எண்ணி நீக்கப் பார்க்கும். தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். பகல் ஒளிக்கு உரிய அமைப்பில், 5500 கெல்வினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுத்தால் புதுப்புனல் புதுப்புனலாகவே இருக்கும். இந்த நிறத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். அதைக் கழுவி வெளுப்பாக்கிக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

அடர்ந்த என்.டி. ஃபில்டர்கள் சில தாமாகவே ஒரு சாயத்தை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபில்டரை மாட்டிய நிலையிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டால், வீட்டில் வந்து திருத்தும்போது எது ஃபில்டரின் சாயம், எது வண்டலின் நிறம் என்று பிரித்துவிடலாம்.

நுரை வெளுத்துப்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேற்று நிறத் தண்ணீரும் நிழலான சுவரும் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, இருட்டாக இருக்கிறதே என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. அப்போது முதலில் வெந்து போவது நுரைதான். ஹிஸ்டோகிராமின், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின், வலது ஓரத்தைப் பார்த்து, நுரையில் விவரம் நிற்கும் வரை ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்து எடுங்கள். இருண்ட இடத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம், வெந்த நுரையை மீட்க முடியாது.

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்):

தென்னை கலங்கியதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். நமக்குத் தண்ணீர் வருகிற மாதங்களும் காற்று வீசுகிற மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆனி, ஆடிக் காற்றில் 30 விநாடிக்குத் தென்னங்கீற்று அசையாமல் நிற்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. அரை விநாடியில்கூட நாணல் அசையும். நான் இரண்டு படங்கள் எடுத்துக்கொள்வேன்: தண்ணீருக்காக ஒன்று, அடுத்து முக்காலியைத் தொடாமல் ஐ.எஸ்.ஓ.வை 800 அல்லது 1600-க்கு உயர்த்தி, ஃபில்டரைக் கழற்றி, மரங்களுக்காக 1/125-இல் ஒன்று. பிறகு கணினியில் அடுக்குகளாக வைத்துச் சேர்த்துவிடுவேன். ஃபில்டரைத் திருகிக் கழற்றும்போது கேமரா நகர்ந்துவிடும் என்பதால் காந்தத்தில் ஒட்டும் வகை வசதியானது.

முக்காலியைப் பற்றியும் ஒரு செய்தி. ஆற்று மணலில் நிறுத்தினால், எக்ஸ்போஷர் நடந்துகொண்டிருக்கும்போதே அது மெல்ல இறங்கும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து அழுத்திவிட்டால் இறங்காது. ஓடும் தண்ணீருக்குள் காலை வைக்க வேண்டாம். காலைச் சுற்றி நீர் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். கனத்துக்காகப் பையைத் தொங்கவிடுகிறவர்கள், பை தரையைத் தொடும்படி விட வேண்டும். தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி முக்காலியையும் சேர்த்து ஆட்டும். வாய்க்கால் பாலத்தின் மேல் நின்று எடுத்தால், பேருந்து கடந்த பிறகு மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்துவதும் விரலால் வேண்டாம், இரண்டு விநாடி டைமர் போதும். லென்ஸில் நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் முக்காலியில் வைத்திருக்கும் வரை அதை அணைத்துவிட வேண்டும். டி.எஸ்.எல்.ஆரில் நீண்ட நேரம் கொடுக்கும்போது, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியாகவும் வெளிச்சம் உள்ளே நுழையும். அதைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கதவுக்குக் கீழே, ஆற்றின் படுகையில் இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள். மேலே வரும் தண்ணீரின் அளவைப் பொறுத்துக் கதவு எந்த நேரமும் உயரலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், கொள்ளிடத்தின் பக்கம் இருந்த மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். 1836-இல் கட்டிய அணைக்கே அந்த நிலை என்றால், கணுக்கால் தண்ணீரில் மூன்று கால்களை ஊன்றி நிற்கும் நம் நிலை என்ன? பணியில் இருக்கும் ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். தண்ணீர் எப்போது கூடும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

லால்குடி வாசகி:

என்னிடம் கைபேசி மட்டுமே இருக்கிறது. ஃபில்டர் எதுவும் இல்லாமல் இதை எடுக்க வழி உண்டா? புரோ முறையில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறையில்) அரை விநாடி வைத்தால் படம் முழுவதும் வெளுத்துவிடுகிறது.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):

வழி உண்டம்மா. பெரும்பாலான கைபேசிகளில் துளையின் அளவை மாற்ற முடியாது. அதனால் திறப்பு நேரத்தைக் கூட்டியதும் வெளிச்சம் நிரம்பிவிடுகிறது. மாலையில் கைபேசியை அசையாமல் நிறுத்தி, 1/30 விநாடியில் தொடர்ச்சியாகப் பதினாறு படங்கள் எடுங்கள். அவற்றைக் கணினியில் அடுக்குகளாக வைத்துச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ அரை விநாடிக்கு உரிய ஓட்டம் கிடைக்கும். அடுக்குகளைச் சேர்க்கும்போது கீழே இருப்பதற்கு 100, அதற்கு மேல் 50, அடுத்ததற்கு 33, பிறகு 25 என்று ஒளிபுகா அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பதினாறு படங்களின் சராசரி என்பதால் புள்ளி இரைச்சலும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஐபோன் என்றால், லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அதில் உள்ள லாங் எக்ஸ்போஷர் தேர்வைத் தொட்டாலே போதும்.

உங்கள் ஊரிலிருந்து கொல்லிமலை எட்டும் தொலைவுதான். ஆகாய கங்கை அருவி ஏறத்தாழ 300 அடி. அங்கே என் நான்கு அடிக் கணக்கை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். தண்ணீர் உயரத்திலிருந்து வருவதோடு பாறையில் பட்டுச் சிதறுவதால், ஒரு விநாடி, இரண்டு விநாடி கொடுத்தாலும் இழை நிற்கும். சாரல்தான் அங்கே தொல்லை; லென்ஸில் விழுந்த ஒரு துளி நீண்ட எக்ஸ்போஷரில் பெரிய கறையாகத் தெரியும். உலர்ந்த பருத்தித் துணி இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் சுமையைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

குடமுருட்டிக் கரை (திருவையாறு):

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மீண்டும் முயன்றேன், அதன் விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

கல்லணைக்குப் போகவில்லை. எங்கள் ஊருக்கு அருகே பாசன வாய்க்காலின் குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பழைய சுவர் இருக்கிறது. சிறு வயதில் குளித்த இடம். இத்தனை நாள் அதன் வழியாகவே போய் வந்தும் படம் எடுக்கத் தோன்றவில்லை. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. விளிம்பில் ஓரிடத்தில் ஆகாயத்தாமரை ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பாசி படிந்த சுவர் தெரிந்தது. அங்கேயே கேமராவை வைத்தேன். நண்பர் ஒருவரிடம் போலரைசரை வாங்கிப் போயிருந்தேன். சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து, எஃப் 11-ஐ மாற்றாமல், ஐ.எஸ்.ஓ.வை மட்டும் கூட்டிக் குறைத்து 1/15, 1/8, 1/4, 1/2, 1, 4 விநாடி என்று வரிசையாக எடுத்தேன். நீண்ட நேரங்களை எடுப்பதற்கு நன்றாக இருட்டும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1/15-இல் தண்ணீர் இன்னும் துளிகளாகத்தான் இருக்கிறது. 1/8-இல் துளிகள் நீள்கின்றன. 1/4-இல் நான் தேடியது வந்துவிட்டது; ஆகாயத்தாமரையின் இரு பக்கமும் இழை இழையாக இறங்கி, கீழே மறுபடியும் ஒன்றுசேர்வதை எண்ணிப் பார்க்கலாம் போல இருக்கிறது. அரை விநாடியில் மெல்லிய இழைகள் சேர்ந்து தடித்துவிடுகின்றன. ஒரு விநாடியில் பிரிவு மட்டும் தெரிகிறது. நான்கு விநாடியில் அன்று கல்லணையில் கிடைத்த அதே போர்வை. ஐயா சொன்ன கணக்கை ஒரே வரிசையில் கண்ணால் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் படத்தில் இருக்கிறது. சுவரின் மறுமுனையில் ஒரு மடையான் மீனுக்காகக் குனிந்து நின்றுகொண்டிருந்தது. கால் விநாடிப் படத்தில் அதன் கழுத்தின் கோடுகள்கூட அசையாமல் பதிந்திருக்கின்றன. ஒரு விநாடிப் படத்தில் அதற்குத் தலை இரண்டாகத் தெரிகிறது. ஆகவே கால் விநாடிப் படத்தையே எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைச் சமநிலையை மயிலாடுதுறை சகோதரி சொன்னபடி 5500-இல் நிறுத்தியதால் தண்ணீரும் செம்மை மாறாமல் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சுவரின் அடியில் நுரை சுழலும் இடம் கால் விநாடியில் சற்றுக் கலைந்து தெரிகிறது. அந்தப் பகுதிக்கு மட்டும் நான்கு விநாடிப் படத்தை அடுக்கில் சேர்த்தால் பொருத்தமாக இருக்குமா, அல்லது விழுகிற தண்ணீரும் சுழல்கிற தண்ணீரும் ஒரே நேரத்துக்கு உரியவையாக இருப்பதுதான் முறையா?

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்):

சேர்க்காமல் விடுங்கள். மரத்துக்கு நான் செய்வது காற்றின் தொல்லையைத் தவிர்க்க. நுரை அப்படி இல்லை, மேலே விழுந்த தண்ணீர்தான் கீழே நுரைக்கிறது. மேலே கால் விநாடி, கீழே நான்கு விநாடி என்று ஒட்டினால் சேருமிடத்தில் கோடு தெரியும். கேமராவை ஒரு சாண் தாழ்த்தி, நுரையின் முன்னால் கோரைப்புல் சிறிது மறைக்கும்படி நிறுத்திப் பாருங்கள். நாளையும் தண்ணீர் இருக்கும், மடையானும் அநேகமாக அங்கேதான் நிற்கும்.